பழுதான பழைய வீட்டை விற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டை விற்று முடிக்க எங்கள் குடும்பத்துக்கு இரண்டேகால் வருடம் பிடித்தது. சுவருக்கும் கூரைக்கும் செலவானது அதில் ஒரு மாதம்தான்; மிச்சமெல்லாம் காகிதத்துக்குப் போனது. அதற்கப்புறம் சொந்தத்தில் யார் பழைய வீட்டை விற்க நினைத்தாலும் எனக்கு போன் வருகிறது. கேட்டதையே எல்லோரும் கேட்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். இது தமிழ்நாட்டு நடைமுறை. நான் வக்கீலோ ஆடிட்டரோ இல்லை, அனுபவப்பட்டவன், அவ்வளவுதான்.

பழுது பார்த்துவிட்டு விற்பதா, இருக்கிற நிலையில் விற்பதா?

நாங்கள் செய்த தப்பைச் சொல்கிறேன். கூடத்தில் இருந்த சிவப்புக் காவித் தரையைப் பெயர்த்துவிட்டு வெள்ளை டைல்ஸ் போட்டோம். பாத்ரூமைப் புதுசாகக் கட்டினோம். உள்ளும் புறமும் பெயிண்ட். மூன்றரை லட்சம் ஆனது. முதலில் பார்க்க வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கையில் டேப் வைத்திருந்தார். அதன் ஒரு முனையைத் தெருவாசலில் என்னைப் பிடிக்கச் சொல்லி அகலத்தை அளந்தார்: பதினாறு அடி மூன்று அங்குலம். அப்புறம் ரேழி, முற்றம், அடுக்களை என்று கொல்லை வரை நடந்து நீளத்தை அளந்தார். “பக்கத்துச் சுவர் பொதுச்சுவரா சார்?” என்றார். டைல்ஸைக் குனிந்தும் பார்க்கவில்லை. அவர் மனதில் வீட்டை ஏற்கெனவே இடித்து முடித்திருந்தார்.

ஐம்பது, அறுபது வருடத்துக்கு மேற்பட்ட ஓட்டு வீடு, மெட்ராஸ் டெரஸ் வீடு (மர உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துத் தளம் போட்டது) என்றால் வாங்குபவர் பெரும்பாலும் இடிக்க வாங்குகிறார். இடிக்காமல் குடியிருக்க நினைக்கும் சிலருக்கும் அவரவர் ருசி இருக்கும்; பழைய வீட்டைத் தேடி வருகிறவருக்கு அந்தக் காவித் தரைதான் பிடிக்கும். இரண்டு வகையிலும் உங்கள் டைல்ஸ் காசு திரும்பாது.

ஒரே விதிவிலக்கு, இருபது இருபத்தைந்து வருடக் கான்கிரீட் வீடு. அதை வாங்குபவர் அப்படியே குடிவருவார், இல்லாவிட்டால் வாடகைக்கு விடுவார். அங்கே மொட்டைமாடிக் கசிவை அடைத்து, கம்பி தெரியும் இடங்களைப் பூசி, ஒரு கோட் பெயிண்ட் அடித்தால் போட்ட காசுக்கு மேலேயே கிடைக்கும்.

அப்படியானால் ஒன்றுமே செய்ய வேண்டாமா?

பெருக்குங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பூட்டிய அறையில் பாட்டியின் டிரங்குப் பெட்டியும் கால் உடைந்த கட்டிலும் கிடந்தால், வந்தவர் அதற்குள் எட்டிப் பார்க்கவே யோசிப்பார். காலி அறை பெரிதாகவும் தெரியும்.

அப்புறம் கைப்பிடிச்சுவரில் முளைத்திருக்கும் அரசங்கன்று. மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும், வேரோடு எடுக்க வேண்டும். உடைந்த ஓடுகளை மாற்றிவிடுங்கள். ஒரு மழைக்காலம் தண்ணீர் இறங்கினால் சட்டமும் கைமரமும் போய்விடும், விற்கும் வரை கூரை நிற்க வேண்டுமே. கிணற்றுக்கு மூடி போடுங்கள். மின் இணைப்பைத் துண்டிக்காதீர்கள், இருட்டு வீட்டை யாரும் நல்ல விலைக்குக் கேட்பதில்லை.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரில் சிமெண்ட் பூச்சும் பிளாஸ்டிக் பெயிண்டும் வேண்டாம். அந்தச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும் தன்மை கொண்டது. மேலே அடைத்துவிட்டால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சைத் தள்ளும். நாங்கள் ஆனியில் அடித்த பெயிண்ட் ஐப்பசி மழையில் அப்பளம் மாதிரி பொரிந்துவிட்டது. வெறும் சுண்ணாம்பு அடித்திருந்தால் பத்தில் ஒரு பங்கு செலவில் முடிந்திருக்கும்.

என்ன விலை சொல்வது?

முதலில் மனைக்கு விலை போடுங்கள். ஊர்ப்பக்கம் சென்ட் கணக்கு, 435.6 சதுர அடி. சென்னையில் கிரவுண்டு, 2,400 சதுர அடி. பதிவுத்துறை இணையதளத்தில் உங்கள் தெருவின் வழிகாட்டி மதிப்பு கிடைக்கும், ஆனால் அது முத்திரைத்தாள் கட்டணத்துக்கான கணக்கு. சந்தை விலை அதற்கு மேலும் இருக்கும், சில தெருக்களில் கீழேயும் இருக்கும்.

பலர் கவனிக்காத ஒரு வழி: அதே இணையதளத்தில் பக்கத்து மனைகளின் சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கச் சான்று பார்க்கலாம். கடந்த இரண்டு மூன்று வருடங்களில் எந்த மனை, எவ்வளவு பரப்பு, என்ன தொகைக்குப் பதிவானது என்று அதில் இருக்கும். டீக்கடையில் கேட்கும் விலையைவிட இது நம்பகமானது. ஆனால் பத்திரத்தில் குறைத்துக் காட்டும் பழக்கம் இருப்பதால், அதை அடிவிலையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அகலம் குறைந்த நீள மனைக்குச் சதுர அடி விலை குறையும். எங்கள் மனை பதினாறடி அகலம் என்பதால் கார் நிறுத்தம் விட்டுக் கட்டினால் அறை எவ்வளவு மிஞ்சும் என்று எல்லோரும் மனக்கணக்குப் போட்டார்கள். முன்னால் இருக்கும் ரோட்டின் அகலமும் அப்படித்தான்; எத்தனை மாடி கட்டலாம் என்பது அதைப் பொறுத்தது.

கட்டடத்துக்கு? பழைய ஓட்டு வீட்டுக்குக் கட்டட விலை என்று தனியாக எதிர்பார்க்காதீர்கள். இடிக்கிற செலவைக் கழிக்கச் சொல்லிக் கேட்பவர்களும் உண்டு. அதற்குச் சம்மதிக்க வேண்டாம், அந்தச் செலவைக் கதவும் உத்திரமும் ஓடுமே ஈடுகட்டும்.

தேக்குத் தூண், நிலைக்கதவை மட்டும் தனியாக விற்றுவிடலாமா?

விற்கலாம். விலை பேசும் முன்பே முடிவு செய்யுங்கள். வீட்டைக் காட்டும்போது தூண் இருந்து, பத்திரத்தன்று இல்லையென்றால் சண்டைதான். பர்மா தேக்குக்கும் வேலைப்பாடுள்ள கதவுக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இருக்கிற மாதிரி பழம்பொருள் கடைகள் விலை கொடுக்கும். ஆத்தங்குடி கல், பழைய மங்களூர் ஓடு இவற்றுக்கும் ஆள் உண்டு. ஆனால் தூண் என்பது தாங்கி நிற்கிற பொருள். அதைக் கழற்றிவிட்டு வீட்டைச் சும்மா விட முடியாது. எடுக்காமல் விட்டு, விலையில் சேர்த்துக் கேட்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. பரவாயில்லையா?

இதுதான் எங்கள் இரண்டேகால் வருடத்தைத் தின்ற விஷயம். வாங்க வருபவர் பத்திரத்தைக் கேட்பார், அவருடைய வக்கீல் பட்டாவைக் கேட்பார். பத்திரத்தில் ஒரு அளவு, நகர நில அளவைப் பதிவேட்டில் வேறு அளவு என்பது பழைய தெருக்களில் சகஜம். எங்களுக்குப் பின்பக்கம் ஒன்பது அடி வித்தியாசம் வந்தது. கொல்லையில் இருந்த சந்துப் பாதையைப் பக்கத்து வீட்டோடு சேர்த்து அளந்திருந்தார்கள். சர்வேயரைக் கூப்பிட்டு மறுபடி அளந்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கித் திருத்தவே ஏழு மாதம்.

செய்ய வேண்டிய வரிசை இது. வாரிசுச் சான்றிதழ், அதை வைத்துப் பட்டா பெயர் மாற்றம், அப்புறம் சொத்து வரி, தண்ணீர் வரி, மின் இணைப்பு எல்லாம் ஒரே பெயருக்கு வர வேண்டும். உட்பிரிவு (மனையைப் பிரித்துத் தனி எண் கொடுப்பது) தேவையில்லாத சொத்துக்குப் பத்திரம் பதிவானதும் பட்டா தானாகவே வாங்கியவர் பெயருக்கு மாறும் வசதி இப்போது இருக்கிறது. ஆனால் விற்பவர் பெயரே பட்டாவில் இல்லையென்றால் அது எப்படி மாறும்? வாங்குபவர்கள் இதைத் தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள்.

வில்லங்கச் சான்று 1975 முதல் பெரும்பாலும் இணையத்திலேயே பார்க்கலாம். அதற்கு முந்தையதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். வீட்டை விற்கலாமா என்று யோசிக்கும் அன்றைக்கே போட்டுவிடுங்கள்.

தங்கைகளுக்குக் கல்யாணத்தின்போது நகை, சீர் எல்லாம் செய்துவிட்டோம். அவர்கள் கையெழுத்தும் வேண்டுமா?

வேண்டும். சீர் செய்தது வேறு, சொத்துரிமை வேறு. இந்துக் குடும்பத்தில் அப்பா சுயமாகச் சம்பாதித்த வீடு, உயில் எழுதாமல் இறந்துவிட்டார் என்றால், மகனுக்கும் மகளுக்கும் மனைவிக்கும் அவருடைய அம்மா இருந்தால் அம்மாவுக்கும் சம பங்கு. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலிருந்தே இதுதான் நிலை. பூர்வீகச் சொத்தில்தான் பின்னால் மாற்றங்கள் வந்தன: தமிழ்நாட்டில் 1989-இல் மணமாகாத மகள்களுக்கு, 2005-இல் நாடு முழுவதும் எல்லா மகள்களுக்கும். 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லிவிட்டது. கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்குச் சட்டம் வேறு.

தங்கைகள் பங்கு வேண்டாம் என்று மனதாரச் சொன்னால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். குடும்ப உறுப்பினர்களுக்குள் என்றால் முத்திரைத்தாள் கட்டணம் அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000 ரூபாய் என்று 2023 ஜூலையில் நிர்ணயித்தார்கள். இல்லாவிட்டால் எல்லோரும் சேர்ந்தே விற்று, பணத்தை அவரவர் கணக்கில் வாங்கிக்கொள்ளலாம். எங்கள் வீட்டுக்குப் பதினொரு கையெழுத்து. பெரிய அத்தை மட்டும் ஒன்றரை மாதம் இழுத்தார்கள். காரணம் பங்கு இல்லை, தன்னை யாரும் நேரில் வந்து கேட்கவில்லை என்பதுதான். வெற்றிலை பாக்குத் தட்டோடு அப்பா போய் உட்கார்ந்தார், அன்றைக்கே கையெழுத்து வந்தது.

பங்குதாரர்களில் மைனர் இருந்தால் வக்கீலைப் பார்க்காமல் முன்பணம் வாங்காதீர்கள்.

மூலப் பத்திரம் காணவில்லை. என்ன செய்வது?

போலீஸில் புகார், நாளிதழில் அறிவிப்பு, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, சார்பதிவாளரிடம் சான்றிட்ட நகல். இந்த நாலும் கையில் இருந்தால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் முதலில் வீட்டிலேயே நன்றாகத் தேடுங்கள். எப்போதோ வாங்கிய கடனுக்காக ஏதாவது வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ தூங்கிக்கொண்டிருக்கலாம்.

வீடு எங்களுடையது, மனை கோயிலுடையது. விற்க முடியுமா?

மயிலாப்பூர், கும்பகோணம், ஸ்ரீரங்கம் மாதிரி ஊர்களில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கோயிலுக்கு மனை வாடகை கட்டிக்கொண்டிருந்தால் நீங்கள் மனையை விற்க முடியாது. கோயில் நிலம் என்று குறித்திருக்கும் சர்வே எண்ணுக்கு அறநிலையத்துறையின் அனுமதியில்லாமல் கிரயம் பதிவாகாது. மூன்று தலைமுறையாகக் குடியிருக்கிறோம் என்பது பட்டாவுக்குச் சமமில்லை. கட்டடத்தை மட்டும் கை மாற்றலாம் என்று யாராவது சொன்னால், வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.

கரையானும் விரிசலும் இருக்கிறது. சொல்ல வேண்டுமா, மறைத்துவிடலாமா?

சொல்லுங்கள். பார்த்தால் தெரியாத, ஆனால் உங்களுக்குத் தெரிந்த பெரிய குறையை விற்பவர் வெளிப்படுத்த வேண்டும் என்று 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டமே சொல்கிறது. சட்டத்தை விடுங்கள், மறைக்கவும் முடியாது. வந்தவர்களில் ஒருவர் கூடவே ஒரு தச்சரைக் கூட்டி வந்தார். அந்தப் பெரியவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, சுவருக்குள் போகும் இடத்தில் உத்திரத்தை ஒரு குத்துக் குத்தினார். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருந்த மரத்துக்குள் பிடி வரை இறங்கியது. உள்ளே வெறும் மாவு. அவர் எங்களைப் பார்க்கவே இல்லை, முதலாளியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அன்றைக்கு நாலு லட்சம் இறங்கியது. நாங்களே முதலில் சொல்லியிருந்தால் ஒரு உத்திரத்தின் விலையோடு போயிருக்கும். ஒன்றை மறைத்தவர்கள் இன்னும் எதை மறைத்தார்களோ என்ற சந்தேகத்துக்குத்தான் மீதி விலை.

வாடகைக்கு ஆள் இருக்கிறார்கள்.

காலி செய்து விற்றால்தான் நல்ல விலை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தால் வழி சுலபம். முப்பது வருடமாக வாய்ப்பேச்சில் இருப்பவர்கள் என்றால், கேஸுக்குப் போவதற்கு முன் உட்கார்ந்து பேசி ஒரு தொகை கொடுத்து அனுப்புவது பெரும்பாலும் மலிவாக முடியும்.

வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைக்குமா?

பழைய கட்டடத்துக்குக் கடினம். வங்கியின் மதிப்பீட்டாளர் கட்டடம் இன்னும் எத்தனை வருடம் நிற்கும் என்று எழுதுவார், கடன் காலம் அதைத் தாண்டாது. அங்கீகரித்த வரைபடம் கேட்பார்கள். 1950-களில் கட்டிய வீட்டுக்கு அது எங்கே இருக்கும்? அதனால் ரொக்க வசதியுள்ளவர்கள், மனைக்காக வாங்குபவர்கள்தான் பெரும்பாலும் வருவார்கள் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். கடனில் வாங்குகிறேன் என்பவரிடம் முன்பணம் வாங்கும் முன், வங்கியின் சட்டக் கருத்தை வாங்கிவரச் சொல்லுங்கள்.

முன்பணம் எவ்வளவு வாங்கலாம்?

பத்து சதவீதம் வழக்கம். கிரய ஒப்பந்தத்தைத் தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து பதிவு செய்தாக வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதி மடித்து வைக்காதீர்கள். பதிவு செய்த ஒப்பந்தம் வில்லங்கத்தில் ஏறும். அதனால் பேரம் முறிந்தால் ரத்துப் பத்திரமும் பதிவாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவருக்கு விற்க முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள். கெடு மூன்று மாதம் போதும்.

பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை மட்டும் காட்டி, மீதியை ரொக்கமாகத் தருகிறேன் என்கிறார்கள்.

வாங்குபவருக்கு முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம் செலவு. 60 லட்சத்துக்கு 5 லட்சத்து 40 ஆயிரம். அவர் ஏன் கேட்கிறார் என்பது புரிகிறது. ஆனால் மாட்டுவது நீங்கள். வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்கினால் அதே தொகைக்கு அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது. அந்தப் பணத்தை வைத்து வேறு வீடு வாங்கினாலும் வரிச் சலுகைக்குக் கணக்குக் காட்ட முடியாது. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வரி எவ்வளவு வரும்?

24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த வீடு என்றால், விற்ற லாபம் நீண்டகால மூலதன ஆதாயம். 2024 ஜூலை 23 முதல் 12.5 சதவீதம், பணவீக்கச் சரிக்கட்டல் (விலைவாசி உயர்ந்த அளவுக்கு அடக்க விலையை உயர்த்திக் கணக்கிடுவது) கிடையாது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் வாங்கிய சொத்தை இந்தியாவில் குடியிருக்கும் தனிநபர் விற்றால், பழைய முறையில் சரிக்கட்டலோடு 20 சதவீதம் போட்டுப் பார்த்து எது குறைவோ அதைக் கட்டலாம்.

அம்மா 1980-களில் வாங்கிய வீட்டை 2025-26 நிதியாண்டில் 60 லட்சத்துக்கு விற்கிறார் என்று வையுங்கள். 2001-க்கு முன் வாங்கியதற்கு, 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். அது அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. அது 8 லட்சம் என்றால், 2001-இன் பணவீக்கக் குறியீடு 100, 2025-26-க்கு 376. அடக்க விலை 30 லட்சத்து 8 ஆயிரமாக உயர்கிறது. ஆதாயம் 29 லட்சத்து 92 ஆயிரம், வரி 5 லட்சத்து 98 ஆயிரம் சொச்சம். புது முறையில் 52 லட்சத்துக்கு 12.5 சதவீதம், ஆறரை லட்சம். பழையதே லாபம். ஆனால் 2001 மதிப்பு 5 லட்சம்தான் என்றால் பழைய முறையில் 8 லட்சத்து 24 ஆயிரம், புதியதில் 6 லட்சத்து 87 ஆயிரத்து 500. அதனால்தான் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் 2001 மதிப்புச் சான்று வாங்கச் சொல்கிறேன். செஸ் என்ற கூடுதல் வரி இதற்கு மேல்.

கூடுதலாக ஓர் அறை எடுத்துக் கட்டிய மாதிரியான செலவைப் பில் இருந்தால் அடக்க விலையில் சேர்க்கலாம். வெள்ளையடித்தது சேராது. ஆதாயத்தைப் போட்டு வேறு குடியிருப்பு வீடு வாங்கினாலும், மூன்று வருடத்துக்குள் கட்டினாலும் வரி விலக்கு உண்டு; ஆறு மாதத்துக்குள் குறிப்பிட்ட அரசு நிறுவனப் பத்திரங்களில் 50 லட்சம் வரை போடும் வழியும் இருக்கிறது. விலை 50 லட்சமோ மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் பிடித்துக் கட்டுவார், அதைக் கணக்குத் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம்.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். வராமல் விற்கலாமா?

உங்கள் சார்பில் இங்கே ஒருவர் விற்க அதிகாரப் பத்திரம் (பவர்) எழுதி இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்புங்கள். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். கிரயப் பதிவின்போது எழுதிக் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறார் என்ற சான்றும், முப்பது நாளுக்குள் வாங்கியதாகக் கேட்பார்கள். வெளிநாட்டில் குடியிருப்பவருக்கு மேலே சொன்ன 20 சதவீத வழி இல்லை. வாங்குபவர் 1 சதவீதம் அல்ல, 12.5 சதவீதமும் அதன் மேல்வரிகளும் பிடிக்க வேண்டும், அதுவும் முழு விலையின் மேல். குறைத்துப் பிடிக்க வருமான வரி அதிகாரியிடம் முன்கூட்டியே சான்றிதழ் வாங்கலாம், அதற்குச் சில வாரமாவது ஒதுக்குங்கள்.

பில்டரிடம் ஜே.வி. (மனை நம்முடையது, கட்டுவது அவர், வீடுகளைப் பங்கு போட்டுக்கொள்வது) கொடுத்தால் லாபமாமே?

சென்னையில் ஒரு கிரவுண்டுக்கு மேல் இருந்தால் யோசிக்கலாம். பதினாறடி மனைக்கு யாரும் வர மாட்டார்கள்.

சாவி கொடுக்கிற அன்று என்ன பார்க்க வேண்டும்?

மின் மீட்டரை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், தேதியோடு. அன்றுவரை சொத்து வரி கட்டிய ரசீதின் நகலைக் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். கேஸ், கேபிள், ஆதார் முகவரி எல்லாம் அந்த வீட்டில் இருந்தால் மாற்றுங்கள். எங்கள் சித்தப்பாவின் ஓய்வூதியக் கடிதங்கள் எட்டு மாதம் அந்த முகவரிக்கே போயின. வீட்டை இடித்து கடைக்கால் தோண்டிய பிறகு தபால்காரர் எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். அவர்கள் போன் செய்து சொன்னதால் வாங்க முடிந்தது.